அடுத்த ஊரடங்குக்கு முன்: சிறுதொழில் செய்பவர்களுக்கு ஒரு நிவாரண வழிகாட்டி

கொரோனா காலத்தில் சிறுதொழில்களுக்காக மத்திய அரசு கொண்டுவந்த பெரிய திட்டம், 3 லட்சம் கோடி ரூபாய் அவசரக் கடன். 2020 மே 13 அன்று நிதியமைச்சர் நிர்மலா சீதாராமன் அறிவித்தார். ஊரடங்கு தொடங்கி அப்போது ஏழு வாரம் ஆகியிருந்தது. ஆனால் யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்பதை முடிவு செய்தது மே மாத நிலவரம் அல்ல. 29.02.2020 அன்று அவரவர் கணக்கில் கடன் பாக்கி எவ்வளவு நின்றதோ, அதில் 20 சதவீதம். அன்று 10 லட்சம் பாக்கி வைத்திருந்தவருக்கு 2 லட்சம். கடனே வாங்காமல் கைக்காசில் தொழில் செய்தவருக்கு? பூஜ்ஜியத்தில் 20 சதவீதம்.

தெருவோர வியாபாரிகளுக்கு ஸ்வநிதி கடன் வந்தது. அதற்கு 24.03.2020 வரை வியாபாரம் செய்துகொண்டிருந்ததற்கு அத்தாட்சி கேட்டார்கள். பி.எஃப். பங்கை அரசே கட்டியது. அது பி.எஃப். பதிவும் ஒழுங்கான கணக்கும் வைத்திருந்தவர்களுக்கு. அன்றைய சலுகைகளில் முக்கியமானவற்றுக்கெல்லாம் இப்படி ஒரு தேதியோ ஒரு பதிவோ நிபந்தனையாக இருந்தது. அறிவிப்பு வந்த பிறகு ஓடிப்போய்ச் சரிசெய்ய முடியாத நிபந்தனை.

கோவையில் பட்டறைகளுக்கும் சிறிய கடைகளுக்கும் கணக்குப் பார்ப்பது என் வேலை. 2021-க்குப் பிறகு தொழில் தொடங்கியவர்கள் பலர் இப்போது என்னிடம் வருகிறார்கள். ஊரடங்கைச் சம்பளக்காரராகவோ மாணவராகவோ பார்த்தவர்கள், முதலாளியாகப் பார்த்ததில்லை. அவர்களுக்காகத்தான் இதை எழுதுகிறேன். அன்றைய திட்டங்களில் பல முடிந்துவிட்டன. அவசரக் கடன் திட்டமே 2023 மார்ச் 31-உடன் மூடப்பட்டது. ஆனாலும் அடுத்த முறை என்ன வரும், எந்த வடிவில் வரும் என்று ஊகிக்க அவைதான் நமக்கு இருக்கும் நல்ல ஆதாரம். மூடப்படாத வழிகளும் சில உண்டு. அவற்றை இன்றே பயன்படுத்தலாம்.

ஒன்றை மட்டும் முதலிலேயே தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் ஊழியர் சம்பளத்துக்கு வாங்கிய கடனை, நிபந்தனைப்படி செலவு செய்திருந்தால் தள்ளுபடியே செய்தார்கள். நம் ஊரில் சிறுதொழிலுக்கு வந்தது பெரும்பாலும் கடன், அல்லது கடனைக் கட்ட அவகாசம். இனாமாக வந்தது குறைவு. அதனால் இந்தக் கட்டுரையில் புதுக்கடன் பேச்சு கடைசிப் பக்கமாகத்தான் வரும்.

முதல் படி: பதிவுகளை இப்போதே முடியுங்கள்

முதலில் உத்யம் பதிவு, அதாவது குறு, சிறு, நடுத்தரத் தொழில்களுக்கான மத்திய அரசுப் பதிவு. 2020 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கிறது. ஆதார், பான், வங்கிக் கணக்கு விவரம், ஜி.எஸ்.டி. தேவைப்படுபவர்களுக்கு அந்த எண், இவ்வளவுதான் வேண்டும். ஆவணம் எதுவும் பதிவேற்ற வேண்டாம். கட்டணமும் கிடையாது. தேடுபொறியில் போட்டால் அரசு இணையதளம் மாதிரியே தோற்றம் காட்டி ஆயிரம், இரண்டாயிரம் கேட்கும் தனியார் தளங்கள் முன்னால் வந்து நிற்கும். அரசுத் தளத்தின் முகவரி 'ஜிஓவி டாட் இன்' என்று முடியும். வேறு எப்படி முடிந்தாலும் வெளியே வந்துவிடுங்கள். தனியாகச் செய்யத் தயக்கமாக இருந்தால் மாவட்டத் தொழில் மையத்துக்குப் போங்கள், உதவுவார்கள்.

2025 ஏப்ரல் 1 முதல் வரம்புகள் உயர்ந்துவிட்டன. இயந்திரத் தளவாட முதலீடு 2.5 கோடிக்குள்ளும் ஆண்டு விற்றுமுதல் 10 கோடிக்குள்ளும் இருந்தால் குறுந்தொழில். 25 கோடி, 100 கோடிக்குள் இருந்தால் சிறுதொழில். இதைப் படிக்கும் பெரும்பாலோர் குறுந்தொழிலில்தான் வருவீர்கள்.

பதிவின்போது கவனிக்க வேண்டிய இடம் தொழில் வகை. உற்பத்தியா, சேவையா, வியாபாரமா என்று கேட்கும். சில்லறை, மொத்த வியாபாரிகளை 2021 ஜூலையில் மறுபடி சேர்த்தார்கள், ஆனால் வங்கிகளின் முன்னுரிமைக் கடன் என்ற அளவுக்கு மட்டும். பில் பணம் 45 நாளுக்குள் வர வேண்டும் என்று கீழே சொல்லப்போகும் பாதுகாப்பு, வாங்கி விற்பவருக்குக் கிடையாது. மாவு அரைத்துப் பாக்கெட் போட்டு விற்பவர், அவசரத்தில் 'வியாபாரம்' என்று தட்டிவிட்டால் தனக்குரிய உரிமையைத் தானே விட்டுக்கொடுக்கிறார். நீங்கள் உண்மையில் செய்வது உற்பத்தி என்றால் அதையே தேர்ந்தெடுங்கள்.

தள்ளுவண்டி, பிளாட்பாரக் கடை நடத்துபவர்களுக்கு உத்யமைவிட முக்கியம் மாநகராட்சி அல்லது நகராட்சி தரும் தெருவோர வியாபாரி அடையாள அட்டை. கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் உள்ளாட்சி அமைப்பின் பரிந்துரைக் கடிதம் வாங்கி ஸ்வநிதிக்கு விண்ணப்பிக்க முடிந்தது. 2020-இல் முதல் கடன் 10,000, ஒழுங்காகக் கட்டினால் அடுத்து 20,000, பிறகு 50,000. தவணை தவறாதவருக்கு 7 சதவீத வட்டி மானியம். 2025 ஆகஸ்டில் இதைத் திருத்தி, 15,000, 25,000, 50,000 என்று மாற்றி, 2030 மார்ச் வரை நீட்டித்திருக்கிறார்கள். ஆக இது உயிரோடிருக்கும் திட்டம்.

அப்புறம் வங்கிக் கணக்கு. வரவு செலவெல்லாம் சேமிப்புக் கணக்கிலோ மனைவி பேரில் உள்ள ஜிபேயிலோ போய்க்கொண்டிருந்தால், உங்கள் தொழில் இவ்வளவு பெரியது என்று காட்ட உங்களிடம் ஒன்றுமில்லை. கடை பேரில் நடப்புக் கணக்கு தொடங்குங்கள். கடன் வேண்டாம் என்று இருப்பவரும் சின்னதாக ஓர் ஓ.டி. (ஓவர் டிராஃப்ட், கணக்கில் இருப்பதற்கு மேல் எடுக்கும் வசதி) வரம்பு வாங்கி வைத்துக்கொள்வது நல்லது என்பது என் கருத்து. எடுக்காதவரை வட்டி கிடையாது. புதுப்பிப்புக் கட்டணம் மட்டும் கொஞ்சம் இருக்கும். நெருக்கடி நேரத்தில் புது மனு போட்டு வாங்குவதற்கும், ஏற்கெனவே இருக்கும் வரம்பில் எடுப்பதற்கும் உள்ள வித்தியாசம் 2020 ஏப்ரலில் நன்றாகத் தெரிந்தது.

இரண்டாம் படி: முதல் வாரத்தில் ஒரு தாள் கணக்கு

கடையைச் சாத்தச் சொல்லிவிட்டார்கள். யாருக்கும் போன் போடுவதற்கு முன் ஒரு தாளை எடுங்கள். இடது பக்கம்: கையில், வங்கியில் இருக்கும் பணம்; வர வேண்டிய பாக்கி, ஒவ்வொன்றும் எந்தத் தேதியில் என்று. வலது பக்கம்: சம்பளம், வாடகை, கரண்ட் பில், தவணை, ஜி.எஸ்.டி., சரக்கு கொடுத்தவர்களுக்குத் தர வேண்டியது. விற்பனை ஒரு ரூபாய்கூட இல்லை என்று வைத்துக்கொண்டு எத்தனை நாள் தாங்கும் என்று பாருங்கள்.

வர வேண்டிய பாக்கியை முழுசாகக் கணக்கில் எடுக்காதீர்கள். உங்களுக்குப் பூட்டு என்றால் உங்கள் வாடிக்கையாளருக்கும் பூட்டுதான். பாதி வந்தால் பெரிது.

வீட்டுச் செலவையும் அதே தாளில் எழுதுங்கள். சிறு தொழிலில் கல்லாவும் வீட்டு அலமாரியும் ஒன்றுதான் என்பது வங்கி மேலாளருக்கும் தெரியும்.

மூன்றாம் படி: உங்களுக்கு வர வேண்டிய பணம்

கோவை, ஓசூர், அம்பத்தூர் பக்கம் ஜாப் ஒர்க் செய்யும் பட்டறைகளுக்கு வங்கிக் கடனைவிடப் பெரிய தலைவலி இதுதான். வேலை முடித்து அனுப்பியாச்சு, பில்லும் போட்டாச்சு, ஜி.எஸ்.டி.யும் கட்டியாச்சு. பணம் மட்டும் 90 நாள், 120 நாள் என்று இழுத்துக்கொண்டே போகும். ஊரடங்கு வந்தபோது பெரிய கம்பெனிகள் முதலில் நிறுத்தியது இந்தச் சின்ன பில்களைத்தான்.

2006-ஆம் ஆண்டின் சிறு, குறு, நடுத்தரத் தொழில் மேம்பாட்டுச் சட்டம் இதில் தெளிவாக இருக்கிறது. எழுத்தில் ஒப்பந்தம் இருந்தால் அதில் சொன்ன தேதிக்குள், ஆனால் எப்படியும் 45 நாளைத் தாண்டாமல் பணம் தர வேண்டும். ஒப்பந்தம் இல்லையென்றால் 15 நாள். தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் பேங்க் ரேட் என்ற வட்டி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, மாதாமாதம் கூட்டுவட்டியாக. 2020 மே இறுதியில் பேங்க் ரேட் 4.25 சதவீதம், மூன்று மடங்கு என்றால் 12.75. மூன்று லட்ச ரூபாய் பில் ஆறு மாதம் தாமதமானால் வட்டி மட்டும் ஏறக்குறைய 19,600 ரூபாய்.

இந்தப் பாதுகாப்பு உத்யம் பதிவுக்குப் பிறகு அனுப்பிய சரக்குக்கே என்று 2021-இலும் 2022-இலும் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது. சரக்கை அனுப்பிவிட்டு, பணம் வரவில்லை என்றதும் போய்ப் பதிவு செய்தால் பழைய பில்லுக்கு உதவாது என்று வைத்துக்கொண்டு நடப்பதே பாதுகாப்பு.

புகார் போடும் இடம் சமாதான் என்ற இணையதளம். 2017 அக்டோபரில் தொடங்கியது. உத்யம் எண், பி.ஓ. (கொள்முதல் ஆர்டர்), பில், டெலிவரி சலான், சரக்கு போய்ச் சேர்ந்ததற்கான கையெழுத்து எல்லாவற்றையும் ஏற்ற வேண்டும். அங்கிருந்து மனு, இந்தப் பாக்கித் தகராறுகளைத் தீர்க்கும் வசதியாக்கக் கவுன்சிலுக்குப் போகும். தமிழ்நாட்டில் சென்னை, கோவை, திருச்சி, மதுரை ஆகிய ஊர்களில் இந்தக் கவுன்சில்கள் இயங்குகின்றன. 90 நாளில் முடிக்க வேண்டும் என்று சட்டம் சொல்கிறது. நடைமுறையில் அதற்கு மேலும் ஆகும். ஆனால் தீர்ப்பை எதிர்த்து மேல்முறையீடு போக வேண்டுமென்றால் எதிர்த்தரப்பு 75 சதவீதத் தொகையை முன்கூட்டியே கட்டியாக வேண்டும். இந்தச் சட்டத்தின் பல்லே அதுதான்.

சரி, புகார் போட்டால் அந்தக் கம்பெனி அடுத்த ஆர்டர் தருமா? தராது என்பதுதான் பலருடைய பயம். நியாயமான பயம். அதனால் நான் சொல்லும் வரிசை வேறு. முதலில் ஒவ்வொரு பில்லிலும் உத்யம் எண்ணையும் 'குறுந்தொழில், உற்பத்தி' என்ற வரியையும் அச்சடியுங்கள். பிறகு, முதலாளிக்குப் போன் போட்டுக் கெஞ்சுவதற்குப் பதில், அந்தக் கம்பெனியின் கணக்குப் பிரிவுக்கு ஒரு மெயில் போடுங்கள். இரண்டு விஷயம் போதும். ஒன்று, 2024-25 மதிப்பீட்டு ஆண்டு முதல், குறு, சிறு தொழில்களுக்குச் சட்டப்படியான கெடுவுக்குள் பணம் தராவிட்டால், அதைத் தரும் ஆண்டு வரை வருமான வரியில் செலவாகக் காட்ட முடியாது. இரண்டு, பில் தேதியிலிருந்து 180 நாள் தாண்டினால் அவர்கள் எடுத்த ஜி.எஸ்.டி. உள்ளீட்டு வரியை வட்டியோடு திருப்பிக் கட்ட வேண்டும். முதலாளிக்கு உங்கள் கஷ்டம் புரியாமல் போகலாம். அவருடைய ஆடிட்டருக்கு இந்த இரண்டு வரியும் உடனே புரியும். மார்ச் மாதம் பிறப்பதற்கு முன் அனுப்பினால் இன்னும் நல்லது.

சமாதான் கடைசி ஆயுதம். எப்படியும் இனி வியாபாரம் இல்லை என்று தெரிந்துவிட்ட வாடிக்கையாளர் மீது போடத் தயங்க வேண்டாம்.

பெரிய கம்பெனிகளுக்குச் சரக்கு தருபவர்கள் ட்ரெட்ஸ் என்ற தளங்களையும் விசாரியுங்கள். கம்பெனி ஏற்றுக்கொண்ட பில்லை அங்கே வங்கிகள் ஏலத்தில் தள்ளுபடி விலைக்கு எடுத்துக்கொண்டு உடனே பணம் தரும். கெடு தேதியில் கம்பெனியிடமிருந்து வங்கியே வசூலித்துக்கொள்ளும். உங்கள் பேரில் கடன் ஏறாது.

நான்காம் படி: வங்கியிடம் போவது

2020 மார்ச் 27 அன்று ரிசர்வ் வங்கி தவணை ஒத்திவைப்பை அறிவித்தது. முதலில் மூன்று மாதம், பிறகு இன்னும் மூன்று. மார்ச் 1 முதல் ஆகஸ்ட் 31 வரை. 'ஆறு மாதம் தவணை கிடையாதாம்' என்று ஊரெல்லாம் பேச்சு. வட்டி ஓடிக்கொண்டே இருந்ததைப் பலர் செப்டம்பரில்தான் பார்த்தார்கள்.

கணக்கைப் பாருங்கள். பாக்கி 5 லட்சம், வட்டி 12 சதவீதம், இன்னும் 36 தவணை. மாதத் தவணை 16,607 ரூபாய். ஆறு மாதம் எதுவும் கட்டாவிட்டால், வட்டிக்கு வட்டி போடாமலேயே 30,000 ஏறி, பாக்கி 5,30,000 ஆகிவிடும். அதே தவணையைத் தொடர்ந்தால் 36-க்குப் பதில் கிட்டத்தட்ட 39 தவணை. மொத்தத்தில் கூடுதலாகக் கட்டுவது ஏறக்குறைய 44,000 ரூபாய். ஆறு மாதம் மூச்சுவிட 44,000 விலை. கையில் காசே இல்லாதவருக்கு அது நியாயமான விலைதான். இருந்தும் ஒத்திவைத்தவர்கள் தேவையில்லாமல் கொடுத்தார்கள். வட்டியை மட்டுமாவது மாதம் 5,000 கட்டிவந்தவருக்குப் பாக்கி ஏறவில்லை. அடுத்த முறை ஒத்திவைப்பு வந்தால் மேலாளரிடம் கேட்க வேண்டிய முதல் கேள்வி, 'வட்டியை மட்டும் கட்டிக்கொண்டு போகலாமா?' என்பதே.

வட்டிக்கு வட்டி விவகாரம் உச்ச நீதிமன்றம் வரை போனது. 2 கோடி வரையிலான கடன்களுக்குக் கூட்டுவட்டிக்கும் தனிவட்டிக்கும் உள்ள வித்தியாசத்தை அரசே தரும் என்று 2020 அக்டோபரில் அறிவித்தார்கள். 2021 மார்ச் 23 அன்று, கடன் எவ்வளவு பெரியதானாலும் ஒத்திவைப்புக் காலத்துக்குக் கூட்டுவட்டி கூடாது என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஆனால் தனிவட்டியை யாரும் தள்ளுபடி செய்யவில்லை.

ஒத்திவைப்பு அறிவிப்பு வந்தால்தான் வங்கியிடம் போக முடியும் என்றில்லை. எந்த நாளிலும் பயன்படுத்தக்கூடிய ஒரு வழி 2016 மார்ச் 17 முதல் இருக்கிறது: சிறு, குறு, நடுத்தரத் தொழில்களின் மறுசீரமைப்பு, மறுவாழ்வுக்கான ரிசர்வ் வங்கி நெறிமுறை. 25 கோடி வரையிலான கடன்களுக்குப் பொருந்தும். வங்கி உங்களைக் கூப்பிடும் என்று காத்திருக்க வேண்டாம், தொழில் தள்ளாடுகிறது என்று நீங்களே மனு கொடுக்கலாம். 10 லட்சம் வரையிலான கடனைக் கிளை மேலாளர் நிலையிலேயே பரிசீலிக்கலாம்; அதற்கு மேல் போனால் குழு. தவணைக் காலத்தை நீட்டுவது, கொஞ்ச காலம் அசலை நிறுத்திவைப்பது, சி.சி. (கேஷ் கிரெடிட்) கணக்கில் ஏறிய வட்டியைத் தனித் தவணைக் கடனாக மாற்றுவது என்று பல வகை உண்டு.

இங்கே நேரம்தான் எல்லாம். தவணை தவறிய கணக்குகளை வங்கி எஸ்.எம்.ஏ. என்ற எச்சரிக்கைப் பட்டியலில் வைக்கும். தவறி 30 நாள் வரை எஸ்.எம்.ஏ. பூஜ்ஜியம், 60 வரை எஸ்.எம்.ஏ. ஒன்று, 90 வரை எஸ்.எம்.ஏ. இரண்டு. 90 தாண்டினால் வாராக்கடன். முதல் 30 நாளுக்குள் போனால் மேலாளர் உட்காரச் சொல்லிப் பேசுவார். 85-ஆம் நாள் போனால் அவரால் செய்யக்கூடியது கொஞ்சம்தான். 2020 அவசரக் கடனும் 29.02.2020 அன்று 60 நாளுக்கு மேல் பாக்கி வைத்திருந்த கணக்குகளுக்குக் கிடைக்கவில்லை. மேற்படி நெறிமுறை வங்கிகளைக் கட்டுப்படுத்தும் என்று 2024 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் சொன்னபோதும், தான் சிறுதொழில் என்பதைக் கணக்கு வாராக்கடனாகும் முன்பே ஆவணத்தோடு வங்கிக்குத் தெரிவிக்கும் பொறுப்பு நிறுவனத்துக்கும் உண்டு என்றது. ஜப்தி நோட்டீஸ் வந்து, எல்லாம் கைமீறிய பிறகு கிளப்பும் வாதம் எடுபடாது.

அதனால் வாய்ப்பேச்சோடு நிறுத்தாமல் கடிதம் கொடுங்கள். இப்படி எழுதினால் போதும்:

'பெறுநர்: கிளை மேலாளர். பொருள்: தொழில் நெருக்கடி காரணமாகக் கடன் சீரமைப்பு கோருதல். ஐயா, எங்கள் உத்யம் எண் … , கடன் கணக்கு எண் … , இன்றைய பாக்கி ரூ. … . … மாதம் வரை தவணை தவறாமல் கட்டியுள்ளோம். கடந்த மூன்று மாத விற்பனை ரூ. …, சென்ற ஆண்டு இதே மாதங்களில் ரூ. … (ஜி.எஸ்.டி. ரிட்டர்ன் நகல் இணைப்பு). எங்களுக்கு வர வேண்டிய பாக்கி ரூ. … (பட்டியல் இணைப்பு). இப்போதைய வருமானத்தில் மாதம் ரூ. … கட்ட இயலும். 17.03.2016 தேதியிட்ட ரிசர்வ் வங்கி நெறிமுறையின்படி எங்கள் கணக்கைப் பரிசீலித்து, … மாதம் அசல் விடுப்பும் தவணைக் கால நீட்டிப்பும் வழங்கி, முடிவை எழுத்தில் தெரிவிக்க வேண்டுகிறோம்.'

எவ்வளவு கட்ட முடியும் என்ற வரியை விட்டுவிடாதீர்கள். 'ஏதாவது பார்த்துச் செய்யுங்கள்' என்று கேட்பவரைவிட, தொகை சொல்லிக் கேட்பவரின் மனுவை மேலிடத்துக்கு அனுப்புவது மேலாளருக்கும் எளிது. இரண்டு நகல் எடுத்துப் போய், ஒன்றில் சீல் போட்டுத் தேதியோடு கையெழுத்து வாங்கிக்கொள்ளுங்கள். 'அதெல்லாம் வேண்டாம் சார், நான் பார்த்துக்கறேன்' என்று கவுன்டரில் சொன்னால், அன்றைக்கே பதிவுத் தபாலில் அனுப்பிவிடுங்கள்.

ஐந்தாம் படி: புதுக்கடன்

பழைய கடனைச் சீரமைத்து, பாக்கி வசூல் செய்து, அதற்குப் பிறகும் குறைகிற தொகைக்கு மட்டும் புதுக்கடன்.

2020 அவசரக் கடனின் விதிகள் நன்றாகவே இருந்தன. நான்கு ஆண்டுக் காலம், முதல் ஆண்டு வட்டி மட்டும், வங்கியில் வட்டி உச்சவரம்பு 9.25 சதவீதம், வங்கியல்லாத நிதி நிறுவனத்தில் 14. கூடுதல் அடமானம் கிடையாது. அரசு 100 சதவீத உத்தரவாதம். 2 லட்சம் வாங்கியவர் 9.25 சதவீதத்தில் முதல் ஆண்டு மாதம் சுமார் 1,540 கட்டினார். அடுத்த மூன்று ஆண்டுகள் மாதம் சுமார் 6,380. வட்டி மொத்தம் 48 ஆயிரத்துச் சொச்சம். பல வங்கிகள் இதை முன்கூட்டியே ஒப்புதல் கொடுத்து எஸ்.எம்.எஸ். அனுப்பின. அந்த எஸ்.எம்.எஸ்.ஸை விளம்பரம் என்று அழித்தவர்களும் உண்டு, வந்தது என்பதற்காகவே வாங்கி வீட்டுச் செலவில் கரைத்தவர்களும் உண்டு. இரண்டாம் வகையினருக்கு 2021 இரண்டாம் அலையின்போது ஒரு தவணைக்கு இரண்டு தவணையாக நின்றது.

இன்று புதிதாகக் கேட்பவர்களுக்கு மத்திய அரசின் முத்ரா கடன் திட்டம் இருக்கிறது: 50,000 வரை சிசு, 5 லட்சம் வரை கிஷோர், 10 லட்சம் வரை தருண். தருண் வாங்கி முழுசாக அடைத்தவர்களுக்கு 2024 அக்டோபர் முதல் 20 லட்சம் வரை. அதற்கு மேல் தேவைப்பட்டால் சி.ஜி.டி.எம்.எஸ்.இ. என்ற கடன் உத்தரவாத அறக்கட்டளையின் உத்தரவாதத்தின் கீழ் அடமானமில்லாக் கடன். இதன் உச்சவரம்பு 2025 ஏப்ரலில் 10 கோடியாக உயர்ந்தது. குறு, சிறு தொழில்களுக்குக் குறைந்தது 10 லட்சம் வரை வங்கி அடமானம் கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கி விதி. 'வீட்டுப் பத்திரம் இருக்கா?' என்று கேட்டால் இந்த விதியை மரியாதையாக நினைவூட்டுங்கள். உத்தரவாதம் உங்களைக் காப்பாற்ற அல்ல, வங்கியைக் காப்பாற்ற. நீங்கள் கட்டாவிட்டால் வங்கிக்கு நஷ்டம் குறையும். உங்கள் சிபில் அப்படியே விழும்.

வங்கி இல்லையென்றதும் போனில் வரும் கடன் ஆப்களிடம் போகாதீர்கள். ஊரடங்கு ஆண்டில் அவை பெருகி, வாங்கியவரின் போனில் உள்ள எண்களுக்கெல்லாம் அசிங்கமாகச் செய்தி அனுப்பி மிரட்டியதில் உயிர்கள் போயின. 2020 டிசம்பரில் ரிசர்வ் வங்கியே எச்சரிக்கை வெளியிட்டது. தண்டல், மீட்டர் வட்டி, ரன் வட்டி பற்றி நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அநியாய வட்டிக்கு எதிராகத் தமிழ்நாட்டில் 2003-லேயே தனிச் சட்டம் இருக்கிறது, மிரட்டல் வந்தால் காவல் நிலையத்தில் அதன் பேரைச் சொல்லிப் புகார் கொடுக்கலாம். 'கமிஷன் கொடுத்தால் மானியக் கடன் வாங்கித் தருகிறேன்' என்று வருபவரும் இதே ஜாதிதான்.

ஆட்கள், வரி, வாடகை

2020 மார்ச் முதல் ஆகஸ்ட் வரை, 100 பேர் வரை வேலை செய்த நிறுவனங்களில், அவர்களில் 90 சதவீதம் பேர் 15,000 ரூபாய்க்குக் குறைவாகச் சம்பளம் வாங்கினால், பி.எஃப்.-இல் தொழிலாளி பங்கு 12 சதவீதம், முதலாளி பங்கு 12 சதவீதம் இரண்டையும் மத்திய அரசு கட்டியது. மாதாந்திர பி.எஃப். கணக்கு அறிக்கையான இ.சி.ஆர். ஒழுங்காகப் போட்டிருந்தால் போதும். இருபது பேரை வைத்துக்கொண்டு பி.எஃப். பதிவை இழுத்தடித்தவர்களுக்கு இதில் ஒன்றும் கிடைக்கவில்லை. இ.எஸ்.ஐ.யில் இருந்த தொழிலாளி வேலை இழந்தபோது, தகுதி இருந்தால் சராசரிக் கூலியில் பாதி, 90 நாள் வரை கிடைத்தது. உங்களால் சம்பளம் தர முடியாத நிலையில், ஆளுக்கு இந்த மனுவை நிரப்பிக் கொடுப்பதாவது செய்யலாம்.

ஊரடங்கில் முழுச் சம்பளம் தர வேண்டும் என்று 2020 மார்ச் 29 அன்று உள்துறை உத்தரவிட்டது. மே மாதம் அது விலக்கப்பட்டது. ஜூன் 12 அன்று உச்ச நீதிமன்றம், முதலாளியும் தொழிலாளியும் பேசி உடன்பாட்டுக்கு வரட்டும் என்றது. பேசியதை எழுதி இரு தரப்பும் கையெழுத்துப் போடுங்கள். பாதிச் சம்பளம், மீதி எந்த மாதம் முதல், எப்படி என்று. வாய்வார்த்தை ஆறு மாதத்தில் இரண்டு கதையாகிவிடும்.

ஜி.எஸ்.டி.யில் தாமதக் கட்டணத்தைத் தளர்த்தினார்கள், 5 கோடி வரை விற்றுமுதல் உள்ளவர்களுக்கு 18 சதவீத வட்டியை 9 ஆகக் குறைத்தார்கள். விற்பனையே இல்லாத மாதத்துக்கும் நில் ரிட்டர்ன் போட்டுவிடுங்கள். வங்கி உங்கள் தொழிலைப் பார்ப்பது அந்த ரிட்டர்ன் வழியாகத்தான்.

தனியார் கட்டடங்களின் கடை வாடகைக்கு அரசு நிவாரணம் எதுவும் தரவில்லை. கடை மூடியிருந்ததால் வாடகை தர வேண்டாம் என்று சட்டம் தானாகச் சொல்லாது. ஒப்பந்தத்தில் அப்படி ஒரு வரி இருக்க வேண்டும் என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 மே மாதம் தெளிவாக்கியது. எனவே அடுத்த முறை அக்ரிமென்ட் புதுப்பிக்கும்போது, அரசு உத்தரவால் கடை மூடப்பட்டால் அந்தக் காலத்துக்குப் பாதி வாடகை என்று ஒரு வரி சேர்க்கச் சொல்லுங்கள். கட்டட உரிமையாளர் ஒப்புக்கொள்ள மாட்டார் என்று நீங்களே முடிவு செய்துவிட வேண்டாம். கடை காலியாகிக் கிடந்த மாதங்களை அவரும் பார்த்தவர்தான். மின் இணைப்பில் தேவைக்கு அதிகமாகச் சுமை வாங்கி வைத்திருந்தால், பட்டறை ஓடாத மாதத்திலும் அதற்கு நிலைக்கட்டணம் போகும். குறைக்க மனு கொடுக்கலாம்.

இன்சூரன்ஸை நம்பியிருந்தவர்களும் ஏமாந்தார்கள். தீ விபத்து பாலிசியோடு சேர்த்து எடுக்கும் தொழில் நிறுத்த இழப்பீடு, பொதுவாகக் கட்டடமோ சரக்கோ இயந்திரமோ சேதமானால்தான் கிடைக்கும். நோய்க்காகக் கடையைச் சாத்தினால் அதில் சேதம் என்று காட்ட எதுவுமில்லை. பாலிசி எடுக்கும்போது இதை ஏஜென்டிடம் எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

வங்கி பதில் சொல்லாவிட்டால்

கடிதம் கொடுத்து 30 நாளாகியும் பதில் இல்லை, அல்லது மறுத்த காரணம் திருப்தி இல்லையென்றால், ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம், அதாவது ஒம்புட்ஸ்மேனிடம், இணையத்தில் புகார் போடலாம். கட்டணம் இல்லை, வக்கீல் வேண்டாம். விவரம் கேட்க 14448 என்ற எண் இருக்கிறது. கடன் கொடுப்பதா வேண்டாமா என்பது வங்கியின் வணிக முடிவு, அதில் அவர் தலையிட மாட்டார். ஆனால் மனுவுக்குப் பதிலே தராதது, விதியை மீறி அடமானம் கேட்டது, சொல்லாத கட்டணம் பிடித்தது போன்றவை சேவைக் குறைபாடு. புகாரோடு சேர்க்க, சீல் போட்ட அந்த நகலும் பதிவுத் தபால் ரசீதும் கேட்பார்கள்.